கிரீடத்துக்கும் கணக்கு உண்டு

ஐரோப்பாவின் இடைக்காலத்தை நடித்தும் வாழ்ந்தும் பார்க்கும் குழுக்களில் பெயர் பெற்ற ஒன்று அமெரிக்காவில் பிறந்தது. 1966 மே 1 அன்று, கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரில், பின்னாளில் நாவலாசிரியராக அறியப்பட்ட டயானா பாக்சனின் வீட்டுக் கொல்லைப்புறத்தில் சிலர் வீரர்களாகவும் சீமாட்டிகளாகவும் வேடமிட்டு வாள்போட்டி நடத்தினார்கள். முடிந்ததும் இருபதாம் நூற்றாண்டுக்கு எதிர்ப்புத் தெரிவிப்பதாகச் சொல்லித் தெருவில் ஊர்வலம் போனார்கள். அந்த ஒருநாள் விளையாட்டு 1968இல் ‘சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனாக்ரொனிசம்’ என்ற பெயரில் இலாப நோக்கற்ற அமைப்பாகப் பதிவானது. எஸ்.சி.ஏ. என்ற சுருக்கப் பெயரோடு இன்று 20 ‘இராச்சிய’ங்களாக விரிந்து கிடக்கிறது. ஒவ்வொரு இராச்சியத்துக்கும் ராஜா ராணி உண்டு. பிறப்பால் வருகிற பட்டம் அல்ல. பிரம்பு வாள் ஏந்தி நடக்கும் முடிப் போட்டியில் ஜெயித்தவரே அடுத்த ராஜா. பெரும்பாலான இராச்சியங்களில் ஆட்சிக்காலம் ஏறக்குறைய 6 மாதம். எல்லாவற்றுக்கும் மூத்த மேற்கு இராச்சியத்தில் 4 மாதம். ஆறு மாதக் கணக்கில் பார்த்தாலே, ஐம்பது ஆண்டு கண்ட ஓர் இராச்சியத்தின் கிரீடம் நூறு முறை கைமாறியிருக்கும்.

அந்தக் கிரீடம் யாருடையது? ராஜாவுடையது அல்ல, ஆறு மாதத்தில் அவர் அதைக் கழற்றிக் கொடுத்தாக வேண்டும். செய்து கொடுத்தவருடையதும் அல்ல. கொடுத்த அன்றோடு அவர் உரிமை முடிந்தது. கிரீடத்தோடு அரசவாள், சிம்மாசனங்கள், இளவரசருக்கும் இளவரசிக்குமான சிறு முடிகள், கொடிகள், திரைச்சீலைகள், அரசவைக் கூடாரம், விருந்துச் சமையலுக்கான பெரிய பாத்திரங்கள் என்று ஒரு குடும்பம் வீடு மாற்றும் அளவுக்குச் சாமான் சேர்ந்துவிடும். வெறுங்கையோடு வரும் புதியவர் உடுத்திக்கொள்ள இரவல் அங்கிகள் நிறைந்த பெட்டியும் இருக்கும். ‘தங்கச் சாவி’ என்பது அதன் பெயர். சொந்தக் கட்டடம் உள்ள கிளை அபூர்வம் என்பதால் சிம்மாசனம் ஒருவர் கார் ஷெட்டிலும், கூடாரம் இன்னொருவர் டிரெய்லரிலும், பாத்திரங்கள் வாடகைக் கிடங்கிலும் கிடக்கும். எது யாரிடம், என்ன நிலையில் என்று எழுதி வைக்கும் வேலை கருவூலப் பொறுப்பாளர் தலையில் விழும். வேடிக்கை பார்க்க வருகிறவர் கண்ணில் இந்த வேலை படுவதில்லை. பட்டாலும், கனவைக் கலைக்கும் ஆபீஸ் வேலை என்றே தோன்றும். நான் சொல்ல வருவது இதற்கு நேர்மாறானது. இக்குழுக்கள் செய்கிறவற்றில் உண்மையான இடைக்காலத்துக்கு மிக நெருக்கமானது அந்தப் பட்டியலும், அதைக் கையில் வைத்துக்கொண்டு நடக்கும் ஒப்படைப்பும்தான். வாள் பிரம்பில் செய்தது, மேலே சுற்றியிருப்பது டக்ட் டேப். பட்டியலில் அப்படிப்பட்ட சமரசம் எதுவும் இல்லை.

ஆதாரத்துக்கு இங்கிலாந்தின் யார்க் நகரை எடுத்துக்கொள்ளலாம். இடைக்காலத்தின் பிற்பகுதியில் அங்கே கார்ப்பஸ் கிறிஸ்டி திருநாளன்று, உலகப் படைப்பு தொடங்கி இறுதித் தீர்ப்பு வரையிலான விவிலியக் கதையை, சக்கரம் பூட்டிய மேடை வண்டிகளில் தெருத்தெருவாக நடித்துக்கொண்டு போவார்கள். ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு தொழிற்குழு பொறுப்பு. கடைசிக் காட்சியான இறுதித் தீர்ப்பு, வசதி மிகுந்த மெர்சர் வணிகர் குழுவுடையது. அவர்கள் 1433 ஜூனில் எழுதிக்கொண்ட பத்திரம் ஒன்று 1970களின் தொடக்கத்தில் ஆய்வாளர்களால் அச்சேறியது. அதில் இருப்பது வசனம் அல்ல, சாமான் பட்டியல். நான்கு சக்கர வண்டி ஒன்று. நரகத்தின் வாய் ஒன்று. பேய்கள் மூவருக்கு உடுப்பு மூன்று. முகமூடியும் மூன்றுதான், ஆனால் அவற்றில் முகங்கள் ஆறு. கெட்ட ஆத்மா இருவருக்கும் நல்ல ஆத்மா இருவருக்கும் தனித்தனியாகச் சட்டை, காலுறை, முகமூடி, பொய்முடி. நுனியில் இரும்பு வைத்த தேவதைச் சிறகு இரண்டு சோடி. கடவுளாக நடிப்பவருக்குக் காயம் தீட்டிய சட்டையும் பொன்முலாம் பூசிய முகமூடியும். மரத்தில் செய்த வானவில் துண்டுகள். கடவுள் உட்கார்ந்தபடியே விண்ணுக்கு ஏற, நான்கு மூலையிலும் கயிறு கட்டிய இரும்புச் சட்டம். சிவப்பு வண்ணம் பூசிய சின்னத் தேவதைகள் ஒன்பது. அவை வானத்தில் சுற்றிச் சுற்றி ஓடுவதற்கு நீளமான மெல்லிய கயிறு ஒன்று. அந்தக் கயிறும் பட்டியலில் தனி இனமாகவே இருக்கிறது.

விஷயம் அந்தக் கயிற்றில்தான் இருக்கிறது. மதிப்புக்காக எழுதிய பட்டியலாக இருந்தால் கயிற்றுக்கும் இரும்பு முளைக்கும் அதில் இடம் இருந்திருக்காது. கயிறு காணாமல் போனால் ஒன்பது தேவதையும் அசையாது. அடுத்த ஆண்டும் நாடகம் நடந்தாக வேண்டும் என்று கவலைப்பட்டவர் எழுதிய பட்டியல் இது. பத்திரத்தின் ஒரு தரப்பில் குழுவின் தலைவரும் அவருக்குக் கீழுள்ள நிர்வாகிகளும், மறுதரப்பில் வண்டிக்குப் பொறுப்பேற்ற நால்வர். ஒரே வாசகத்தை ஒரே தோலில் இரண்டு முறை எழுதி, நடுவே வளைத்து நெளித்து வெட்டி, ஆளுக்கொரு துண்டு வைத்துக்கொள்வது இத்தகைய பத்திரங்களின் வழக்கம். பிற்பாடு தகராறு வந்தால் இரண்டு துண்டின் விளிம்பும் பொருந்துகிறதா என்று பார்க்கலாம். பொறுப்பேற்றவர்கள் சாமானைப் பெற்று, நாடகத்தை நடத்தி, கணக்குக் காட்டி, தங்களுக்கு அடுத்து வருபவர்களிடம் ஒப்படைக்க வேண்டும். 1526இல் இதே குழு தன் வண்டியின் உறுப்புகளை மறுபடியும் பட்டியலிட்டிருக்கிறது. இடையில் 93 ஆண்டு. முதல் பத்திரத்தில் பொறுப்பேற்றவர்களில் எவரும் அப்போது உயிரோடு இருந்திருக்க வழியில்லை. ஆள் மாறினார்கள், வண்டியே புதிதாக மாறியது. பொறுப்பு மட்டும் அறுபடவில்லை. ஒரு குழுவின் உடைமையை ஆயுளுக்கு அப்பால் கொண்டுசெல்வது தனிமனித நினைவோ பற்றோ அல்ல, கைமாறும் கணக்கு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

வணிகர்களுக்குக் கணக்கு எழுதுவதுதானே பிழைப்பு, அவர்களை வைத்து ஒரு யுகத்தையே எடைபோடலாமா என்று கேட்கலாம். இடைக்கால வீரர்களின் உலகம் சொன்ன சொல்லில் நின்ற உலகம், காகிதத்தில் நின்றதல்ல என்பது மறுநடிப்புக் குழுக்களுக்குள்ளேயே அடிக்கடி கேட்கும் குரல். ஆனால் சமூகத்தின் உச்சிக்குப் போனாலும் அடிமட்டத்துக்கு வந்தாலும் கிடைப்பது பட்டியல்தான். அரசுரிமையை இறைவனே தந்ததாக நம்பிய இங்கிலாந்தின் இரண்டாம் ரிச்சர்டின் கருவூலச் சுருள் 1398–99ஐச் சேர்ந்தது. 40 தோல்களை ஒன்றோடொன்று தைத்த அந்தச் சுருளை விரித்தால் 28 மீட்டர் நீளம். உள்ளே 1,206 இனங்கள், எடையோடும் மதிப்போடும். மறுமுனையில், டெவன் மாவட்டத்தில் மோர்பாத் என்னும் ஏழைக் கிராமம்; முப்பது சொச்சம் குடும்பங்கள். அங்கே 1520 முதல் 1574 வரை பங்குக் குருவாக இருந்த கிறிஸ்டோஃபர் ட்ரிக்கே, தேவாலயத்தின் ஒவ்வொரு நிதிக்கும் உரிய பொறுப்பாளர்களின் கணக்கை எழுதி, ஊர் கூடிய இடத்தில் உரக்கப் படித்துக் காட்டினார். இளைஞர்களுக்கு ஒரு நிதி, கன்னிப் பெண்களுக்கு ஒரு நிதி, ஒவ்வொன்றுக்கும் தனிப் பொறுப்பாளர். மன்னர், வணிகர், உழவர் என்று மூன்று தட்டிலும் ஒரே பழக்கம். சொல்லும் பட்டியலும் ஒன்றுக்கொன்று பகையல்ல. நாணயமானவர் என்று நம்பியதால்தான் பொருளை ஒப்படைத்தார்கள், ஒப்படைத்ததால்தான் எழுதினார்கள். எழுத்து முதலில் காப்பாற்றுவது பொருளை அல்ல, காப்பவரின் பெயரை. ஒரு வெள்ளிக் கிண்ணம் காணவில்லை என்று பேச்சு எழும்போது, அது தன் கைக்கு வரவே இல்லை என்று காட்டுவதற்கு நேர்மையானவருக்குத்தான் தாள் தேவைப்படுகிறது.

அடுத்த மறுப்பு இன்னும் வலுவானது. பொதுச் சொத்து என்றால் யாருக்கும் அக்கறை இராது. தன் பொருள் என்றால்தான் துடைத்து எண்ணெய் போட்டு வைப்பான். ஆகவே ஆளாளுக்குச் சொந்தமாக வைத்துக்கொள்வதே மேல் என்பது அது. இதைச் சோதித்துப் பார்க்க வரலாறு ஒரு பெரிய உதாரணம் தந்திருக்கிறது. 1839 ஆகஸ்டில் ஸ்காட்லாந்தின் ஏர்ஷையரில் எக்ளிண்டன் பிரபு தன் கோட்டை மைதானத்தில் இடைக்கால வீரவிளையாட்டை அப்படியே மறுபடி நடத்திக் காட்டத் துணிந்தார். கவசங்களையும் அலங்காரங்களையும் ஏற்பாடு செய்தவர் லண்டன் பாண்ட் தெரு வியாபாரி சாமுவேல் பிராட். செலவு முப்பது நாற்பதாயிரம் பவுண்டு ஆகியிருக்கும் என்றும், திரண்ட கூட்டம் ஒரு லட்சத்தை எட்டியிருக்கும் என்றும் சொல்வார்கள். முதல் நாளே கொட்டித் தீர்த்த மழையில் மைதானம் சேறானது. இரும்புக் கவசம் பூண்டவர்களுக்கு மத்தியில் குடைகள் விரிந்த காட்சி பத்திரிகைகளுக்குக் கேலிப்பொருளானது. நம் வாதத்துக்கு மழை முக்கியமல்ல. யார்க் வணிகர்களின் நாடகத்துக்கு அடுத்த ஆண்டு இருந்தது. எக்ளிண்டன் பிரபுவின் விழாவுக்கு இரண்டாம் ஆண்டு இல்லை. கவசம் அதை அணிந்த கனவான்களுடையது அல்லது வியாபாரியுடையது, மைதானம் பிரபுவுடையது, பணமும் அவருடையது. அவரவர் பொருளை அவரவர் எடுத்துக்கொண்டு போனதும், அடுத்தவரிடம் ஒப்படைக்கப் பொதுவில் எதுவும் மிஞ்சவில்லை. செல்வந்தர் ஒருவரின் ஆசையால் திருவிழா நடத்தலாம், மரபு உண்டாக்க முடியாது.

ஆனாலும் அந்த மறுப்பில் பாதி உண்மை. உடம்போடு ஒட்டும் பொருளுக்குச் சொந்தக்காரரை விஞ்சிய காவலர் கிடையாது. எஸ்.சி.ஏ. உறுப்பினர்கள் தலைக்கவசத்தையும் மார்புக்கவசத்தையும் வேலைப்பாடுள்ள அங்கியையும் தாங்களே வாங்கியோ செய்தோ வைத்துக்கொள்வது அதனால்தான். வியர்வையில் நனைந்த எஃகை அன்றிரவே துடைக்காவிட்டால் துரு ஏறும் என்பதை விதி எழுதி யாருக்கும் கற்பிக்க வேண்டியதில்லை. பொதுவில் இருக்க வேண்டியது பதவியோடு ஒட்டிய பொருள்: கிரீடம், அரசவாள், சிம்மாசனம், இராச்சியக் கொடி. அவற்றை ஒருவர் அன்பளிப்பாகத் தன் பெயரிலேயே வைத்துக்கொண்டு இரவல் கொடுத்துவந்தால், அவரோடு மனத்தாங்கல் வந்த மறுநாள் இராச்சியத்துக்குக் கிரீடம் இராது. உடம்புக்குரியது உடம்போடு, பதவிக்குரியது பதவியோடு என்று கோடு போட்டுவிட்டால், தனியுடைமையின் அக்கறையும் பொதுவுடைமையின் தொடர்ச்சியும் ஒன்றையொன்று கெடுக்காது.

பொறுப்பாளர் கையிலேயே பொருள் இருக்கும்போது அவர் அதைத் தன் இஷ்டத்துக்குப் பயன்படுத்தினால் பட்டியல் என்ன செய்யும்? இதற்கும் பழைய வழக்கு உண்டு. முதலாம் எலிசபெத்தின் அரண்மனைக் கேளிக்கைகளுக்கு உடுப்பும் அரங்கப் பொருளும் வைத்திருந்த அலுவலகம் ரெவல்ஸ் என்று வழங்கியது. 1572இல் தாமஸ் கைல்ஸ் என்ற வியாபாரி அரசாங்கத்துக்கு ஒரு புகார் எழுதினார். அரசியின் முகமூடி நடன உடுப்புகளை அவற்றைக் காக்க வேண்டிய உடுப்புக் காப்பாளரே ஊரில் வாடகைக்கு விடுகிறார். சட்டக் கல்லூரி விடுதிகளுக்கும் கல்யாண வீடுகளுக்கும் போகிற அவை கூட்ட நெரிசலிலும் தெருச் சேற்றிலும் பாழாகின்றன. இன்னின்ன சந்தர்ப்பத்தில் இன்னின்ன உடுப்பு வெளியே போனது என்று வரிசைப்படுத்தியிருந்தார். கைல்ஸ் ஊருக்கு நல்லது செய்யக் கிளம்பியவர் அல்ல. தானும் உடுப்பு வாடகைக்கு விடுபவர், அரண்மனைப் பட்டோடு போட்டி போட முடியாமல் வயிறெரிந்தவர். ஆனாலும் அவர் புகார் ஒரு பெரிய ஓட்டையைக் காட்டுகிறது. ஆண்டு முடிவில் எண்ணிப் பார்த்தால் அந்த உடுப்புகள் எல்லாம் அலமாரியில் இருந்திருக்கும். எண்ணிக்கை சரியாகவே வரும். எத்தனை இருக்கிறது என்பதோடு என்ன நிலையில் இருக்கிறது, நடுவில் எங்கே போய்வந்தது என்பதையும் கேட்காத பட்டியல் பாதிப் பட்டியல். இன்றைய குழுவில் இதற்கு இணை, மழையில் நனைந்ததை அப்படியே மடித்து வைத்த கித்தான் கூடாரம். பதிவேட்டில் ‘கூடாரம் 1’ என்பது சரியாகத்தான் இருக்கும். அடுத்த விழாவில் பிரிக்கும்போதுதான் பூஞ்சணம் பிடித்துக் கருத்த துணி வெளியே வரும்.

அதற்காக எல்லாவற்றையும் பூட்டி வைப்பது தீர்வல்ல. ரெவல்ஸ் அலுவலகமே இதற்கு நல்ல வழியும் காட்டியிருக்கிறது. 1560ஐ ஒட்டிய அதன் இருப்புக் கணக்கு ஒவ்வொரு துணியின் வாழ்க்கை வரலாறு போலப் போகிறது. ஒரு நடனத்துக்கு வெட்டிய பட்டுத்துணி, அடுத்த நடனத்துக்குப் பிரித்து மாற்றித் தைக்கப்பட்டது. பிறகு கைச்சுற்றாகவோ ஓரமாகவோ இறங்கியது. சில, நடித்தவர்களுக்குச் சன்மானமாகப் போயின. கடைசியில், அடிக்கடி உடுத்தி நைந்துவிட்டதால் இனிப் பயன்படாது, பொறுப்பிலும் சேராது என்று கழித்து எழுதப்பட்டன. பொருள் தேய்வதும் தீர்வதும் குற்றமல்ல. எழுதாமல் தேய்வதுதான் குற்றம். இரவலும் அப்படித்தான். எசெக்ஸின் செம்ஸ்ஃபோர்டு பங்குமக்கள் 1562இல் நாடகத்துக்காகச் செய்த உடுப்புகளைப் பட்டியலிட்டுவைத்து, அக்கம்பக்கத்து ஊர்களுக்கு வாடகைக்கு விட்டு, வந்த காசைத் தேவாலயக் கணக்கில் வரவு வைத்தார்கள். அரசியின் உடுப்புக் காப்பாளர் செய்ததும் இதே வாடகை வியாபாரம்தான். வரவு எந்தக் கணக்கில் ஏறியது என்பதில்தான் வித்தியாசம். ‘தங்கச் சாவி’ப் பெட்டியில் உள்ள அங்கிகள் கறைபடத்தான் செய்யும், சில திரும்பி வராமலும் போகும். அதற்குப் பயந்து பெட்டியை மூடினால் புதியவர் வாசலோடு திரும்பிவிடுவார். எது தேயலாம், எது தேயக் கூடாது என்று இனம்பிரித்து எழுதுவதுதான் காப்பாளரின் சாமர்த்தியம்.

திருடன் வந்தால் பட்டியல் தடுக்குமா என்று கேட்பவர்களுக்கு ஹங்கேரியின் கதையைச் சொல்ல வேண்டும். அந்நாட்டின் புனித முடி விசேகிராட் கோட்டையில் பூட்டும் முத்திரையுமாக வைக்கப்பட்டிருந்தது. 1440 பிப்ரவரியில், கணவரை இழந்து கர்ப்பிணியாக இருந்த எலிசபெத் ராணி, பிறக்கப்போகும் குழந்தைக்காக அதைக் கவர்ந்துவரத் தன் பணிப்பெண் ஹெலீனா கொட்டானரை அனுப்பினார். துணைக்கு வந்தவர் பூட்டுகளை அரத்தால் அறுத்தார். முடியை எடுத்தபின் வேறு பூட்டுகளை மாட்டி, ராணியின் முத்திரையையே மேலே பதித்துவிட்டார்கள். முடி ஒரு சிவப்பு வெல்வெட் தலையணைக்குள் போய், பனிச்சறுக்கு வண்டியில் உறைந்த டான்யூப் நதியைத் தாண்டியது. இந்த விவரமெல்லாம் கொட்டானர் தானே விட்டுச்சென்ற நினைவுக்குறிப்பில் இருக்கிறது. வெளியே நின்று பார்ப்பவருக்குப் பெட்டகம் பூட்டியிருந்தது, முத்திரை சரியாக இருந்தது, கிரீடம் உள்ளேதான் இருந்தது. பட்டியலின் தோல்வி அல்ல இது. பெட்டியைத் திறக்காமல் முத்திரையை மட்டும் பார்த்துச் சரிபார்த்ததாக நினைத்துக்கொண்டதன் தோல்வி. பழைய பட்டியலைப் படியெடுத்துக் கீழே கையெழுத்துப் போடும் ஒப்படைப்பு எந்தக் குழுவிலும் இப்படித்தான் முடியும். பெறுபவரும் கொடுப்பவரும் சேர்ந்து நின்று, பொருளைக் கையில் எடுத்துப் பார்த்து எழுதினால்தான் அது ஒப்படைப்பு.

எல்லாவற்றையும்விடக் கடினமான மறுப்பு இனிமேல்தான். எழுதி வைத்தவன் பறிகொடுப்பான் என்பதற்கும் இதே வரலாற்றில் சான்று உண்டு. 1552இல் ஆறாம் எட்வர்டின் ஆணையர்கள் இங்கிலாந்தின் தேவாலயங்களில் இருந்த வெள்ளிப் பாத்திரங்களையும் பூசை உடுப்புகளையும் கணக்கெடுத்தார்கள். அடுத்த ஆண்டே பறிமுதல் தொடங்கியது. 1649இல் முதலாம் சார்லஸின் தலை வீழ்ந்தபின் நாடாளுமன்றம் முடிசூட்டுப் பொருள்களைப் பட்டியலிட்டு மதிப்புப் போட்டது எதற்காக என்றால் உடைத்து உருக்கவும் விற்கவும்தான். பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கரண்டி ஒன்று 16 ஷில்லிங்குக்குப் போனதால் தப்பியது. வாங்கியவர் மன்னரின் பழைய ஊழியர் கிளெமென்ட் கின்னர்ஸ்லி, இரண்டாம் சார்லஸ் வந்ததும் திருப்பிக் கொடுத்தார். மற்றவற்றில் பெரும்பகுதியை 1661இல் ராபர்ட் வைனர் என்ற பொற்கொல்லர் 12,000 பவுண்டுக்கு மேல் செலவில் புதிதாகச் செய்ய வேண்டியிருந்தது. ஆக, பட்டியல் காவலனுக்கும் உதவும், கொள்ளைக்காரனுக்கும் உதவும். ஆனால் இரண்டும் ஒரே பட்டியல் அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். ஆணையர் எழுதியது வெளியிலிருந்து வந்தவர் எழுதியது. அதில் எடையும் விலையும் இருக்கும். ட்ரிக்கே எழுதியது உள்ளிருந்து எழுதியது. அதில் யார் கொடுத்தது, யார் பொறுப்பு என்பது இருக்கும். எட்வர்டின் ஆட்சியில் மோர்பாத் மக்கள் சில பூசை உடுப்புகளையும் படங்களையும் தங்கள் வீடுகளுக்குக் கொண்டுபோனார்கள். 1553இல் மேரி அரசியானதும் அவற்றில் பல திரும்பி வந்தன. யார் எதைத் திருப்பித் தந்தார் என்பதும் கணக்கில் ஏறியது. எல்லாம் வெளிப்படையாக எழுதியிருந்தால் அவை பறிபோயிருக்கும். எதுவுமே நினைவில் இல்லாதிருந்தால் திரும்பி வந்திருக்காது. உரக்கப் படித்துப் பழகிய ஊர் அது. எது பொதுச் சொத்து என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. பட்டியலின் கடைசிப் பயன் தாளில் இல்லை, அதைக் கேட்டவர்களிடம் இருக்கிறது.

எஸ்.சி.ஏ. போன்ற அமைப்புக்கு இந்த வரலாறு தரும் விதிகள் நாட்டின் சட்டத்தோடும் ஒத்துப்போகின்றன. வரிவிலக்குப் பெற்ற அறநிறுவனத்தின் சொத்திலிருந்து உள்ளே இருப்பவர் எவரும் தனிப்பட்ட ஆதாயம் அடையக் கூடாது, நிறுவனம் கலைந்தால் மிஞ்சுவது வேறொரு அறநோக்கத்துக்கே போக வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். அதனால் கிளையின் கிரீடம், கூடாரம் எல்லாம் சட்டப்படி அமைப்பின் சொத்து. ராஜா அவற்றைத் தூக்கிக்கொடுக்கவும் முடியாது, விற்கவும் முடியாது. சட்டம் இதோடு நின்றுவிடுகிறது. பல மாதம் ராத்திரி கண்விழித்துப் பித்தளையைத் தட்டிக் கிரீடம் செய்து கொடுத்தவர், அதை நசுங்கிப்போன நிலையில் பார்க்கும்போது அமைப்பின் பெயரில் இருக்கும் உரிமையால் அவருக்கு என்ன ஆறுதல்? செய்தவர்களின் இந்த ஆதங்கத்துக்கு விடை ட்ரிக்கேயின் பழக்கத்தில் இருக்கிறது. இன்ன பொருளை இன்னார் செய்து கொடுத்தார், இன்ன உலோகம், இன்ன எண்ணெயால் துடைக்க வேண்டும், பழுது பார்க்க யாரைக் கேட்க வேண்டும் என்பதும் பட்டியலில் ஏற வேண்டும். சொத்து அமைப்புக்கு, மரியாதை செய்தவருக்கு. அளவில்லாமல் எழுதினாலும் கெடும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கரண்டி, கயிறு எல்லாவற்றையும் ஒரே கண்டிப்போடு காக்க முயலும் குழுவில் பொறுப்பேற்க ஆள் கிடைக்காது. இது சம்பளமில்லாத வேலை. யார்க் வணிகர்கள் கயிற்றை எழுதியது கண்டிப்பால் அல்ல, அந்தக் கயிறின்றிக் காட்சி நடக்காது என்பதால். எது இல்லாவிட்டால் சடங்கு நின்றுபோகும் என்ற கேள்விக்கு விடையாக வருபவைதாம் பட்டியலின் முதல் பக்கத்துக்குரியவை.

கடைசியாக, பட்டியல் ஏன் வெறும் நிர்வாகம் அல்ல என்பது. கொட்டானர் திருடிவந்த முடியால் எலிசபெத் ராணி 1440 மே மாதம் தன் பச்சிளங்குழந்தைக்கு முடிசூட்டினார். பெரும்பாலான பிரபுக்களுக்கு வேண்டியவர் போலந்து மன்னர் விளாடிஸ்லாவ். புனித முடி கையில் இல்லாத நிலையில், ஜூலையில் அவருக்கு வேறொரு முடியைச் சூட்டினார்கள். அரசர்களுக்கு முடிசூட்டுவது நாட்டவரின் விருப்பத்தைப் பொறுத்தது, முடியின் வலிமை அவர்களுடைய ஒப்புதலில்தான் இருக்கிறது என்றும் பிரகடனம் செய்தார்கள். அந்த வாதம் அரசியல் தேவைக்காகப் பிறந்ததுதான். புனித முடியின் மீதான பற்று அதனால் குறையவில்லை, 1460களில் பெரும் தொகை கொடுத்து அதை மீட்டார்கள், அதைக் காக்கத் தனிக் காவலர்களுக்குச் சட்டமும் செய்தார்கள். ஆயினும் அவர்கள் தொட்ட உண்மை பிரம்பு வாள் இராச்சியங்களுக்கு இன்னும் அதிகமாகப் பொருந்தும். அங்கே கிரீடத்துக்குப் பின்னால் படையோ வரியோ வம்சமோ கிடையாது. உறுப்பினர்களின் ஒப்புதல் ஒன்றுதான். முடிசூட்டு விழா அந்த ஒப்புதலைக் கொண்டாடுகிறது. பட்டியலை வைத்து நடக்கும் ஒப்படைப்பு அதை நிறைவேற்றுகிறது. வெளியேறும் ராஜா ஒவ்வொரு பொருளாகத் திருப்பிக் கொடுக்கும்போது, ஆறு மாதம் தான் அணிந்தது தன்னுடையது அல்ல என்று செயலால் ஒப்புக்கொள்கிறார். வருகிற ராஜாவும் அதே வாக்குமூலத்தை முன்கூட்டியே தந்துவிட்டுத்தான் பெற்றுக்கொள்கிறார். இந்தக் கணக்கு ஒழுங்காக நடக்கும் குழுவில் கிரீடம் தகரத்தில் செய்ததாக இருந்தாலும் செல்லும். நடக்காத குழுவில் பொன்னால் செய்தாலும் அது ஒருவர் வீட்டு அலமாரிச் சாமான்தான்.